பெரியவர்கள் அனிமேஷன் படம் பார்க்கத் தொடங்குவது எப்படி?

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, அவளை டிவி முன்னால் உட்காரவைத்து ஏதாவது ஒரு கார்ட்டூன் படத்தைப் போட்டுவிட்டால் எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். துணி மடிப்பேன், மறுநாளைக்கு மாவு அரைப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் துணிக்கூடையோடு ஹாலுக்கு வந்தபோது ‘ஃபைண்டிங் நீமோ’ ஓடிக்கொண்டிருந்தது. மகனைத் தேடி வந்த அப்பா மீன் ஒரு திமிங்கிலத்தின் வாய்க்குள் மாட்டிக்கொண்டு, அவனுக்கு எதுவும் நடக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனே என்று புலம்புகிறது. கூட இருக்கும் மறதிக்கார மீனுக்கு அது விளங்கவில்லை. எதுவுமே நடக்க விடாவிட்டால் அவனுக்கு வாழ்க்கையில் எதுவுமே நடக்காதே என்கிறது.

அந்த மறதிக்கார மீன் திமிங்கில பாஷை பேசியதை நினைத்து என் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான், தெருமுனைவரை தனியாக சைக்கிள் ஓட்டிப் போகிறேன் என்று கேட்டவளை நான் விடவில்லை. கையில் இருந்த துணியை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே சோபாவில், ஒரே காட்சியில், அவளுக்கு ஒரு படமும் எனக்கு இன்னொரு படமும் ஓடின. நல்ல அனிமேஷன் படங்களை இப்படி இரண்டு பேருக்குமாகச் சேர்த்தேதான் எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறவர்களுக்காகவும், இந்த வகைப் படங்களை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்ற படத்தை எடுங்கள்

அனிமேஷன் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நொடிக்கொரு சத்தமும் அடிதடியுமாக ஓடும் தொடர்கள் வேறு, நான்கைந்து வருஷம் உட்கார்ந்து ஒரு கதையைச் செதுக்கி எடுக்கும் முழுநீளப் படங்கள் வேறு. முதலாவதைப் பார்த்துவிட்டு ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

இப்போது உங்கள் மனதை எது அதிகம் அழுத்துகிறது என்று பாருங்கள். அதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

சின்னப் பிள்ளை இருக்கிறதா, வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறதா? ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) பாருங்கள். தன் சின்ன மகனைப் பூங்காவுக்கு அழைத்துப்போய், ‘தொடாதே, பார்த்துப் போ, விழுந்துடுவே’ என்று சொல்லியே அந்தப் பொழுதைக் கெடுத்துக்கொண்டதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று அதன் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் சொல்லியிருக்கிறார். தலைப்பையே பாருங்கள். தொலைந்தது பிள்ளை, தேடுவது அப்பா. கதை தேடுகிறவனுடையது. குழந்தைகள் இதைக் கவனிப்பதில்லை, அவர்களுக்கு ஆமைகளே போதும்.

பிள்ளைக்குப் பத்துப் பதினோரு வயதாகி, கலகலப்பாக இருந்தது திடீரென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறதா? ‘இன்சைட் அவுட்’ (2015). பதினோரு வயதுப் பெண் ஒருத்தியின் தலைக்குள் சந்தோஷம், சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். இயக்குநர் பீட் டாக்டரின் மகள் இதற்கு முன்பு அவருடைய ‘அப்’ படத்தில் ஒரு வாயாடிச் சிறுமிக்குக் குரல் கொடுத்தவள். அவளே பதினோரு வயதில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று அப்பா யோசித்ததுதான் படமாக வந்தது.

தாத்தா பாட்டியை இழந்த வீடு என்றால் ‘கோகோ’ (2017). மெக்சிகோவில் இறந்தவர்களுக்காகக் கொண்டாடும் நாளில் நடக்கும் கதை. படையலில் யாருடைய புகைப்படம் இருக்கிறதோ அவர்தான் அன்று வீட்டுக்கு வர முடியும். மாலை போட்ட படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சமையலில் பிரியம் உள்ளவர்களுக்கு ‘ராட்டட்டூயி’ (2007). அதில் ஒரு கடுகடுப்பான உணவு விமர்சகர் ஒரு வாய் சாப்பிட்டதும் பேனாவைக் கீழே போடுவார். அந்த இடத்துக்காகவே பார்க்கலாம்.

தொடர்ச்சியாக வரும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாம் பிறகு. எதையும் முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள்.

நேரமும் இடமும்

இந்தப் படங்கள் நீளமானவை இல்லை. ‘ஃபைண்டிங் நீமோ’ 100 நிமிஷம், ‘அப்’ 96, ‘டாய் ஸ்டோரி’ 81. நம் ஊர்ப் படத்தில் இடைவேளையைக் கொஞ்சம் தாண்டினால் வரும் நேரம்தான். ஆகவே ஒரே மூச்சில் பாருங்கள். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தால் பாதி போய்விடும். சாப்பாடு முடிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். போன் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். ஏன் என்று கீழே படித்தால் புரியும்: மிக முக்கியமான விஷயங்களை இந்தப் படங்கள் வாயால் சொல்வதில்லை. தலை குனிந்திருந்தால் காதில் எதுவும் விழாது, காட்சி போயே போய்விடும்.

எந்த மொழியில் பார்ப்பது

பிள்ளைக்கு சப்டைட்டில் படிக்க வராது என்றால் தமிழ் டப்பிங் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல பெரிய படங்களுக்கு நல்ல டப்பிங் வருகிறது. 2019இல் ‘ஃப்ரோசன் 2’ தமிழில் வந்தபோது எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசனும் பனிமனிதன் ஓலாஃபுக்கு விவேக்கும் குரல் கொடுத்தார்கள். அனிமேஷனில் டப்பிங்கை இரண்டாம்தரமாக நினைக்கத் தேவையில்லை. அசல் மொழியிலும் அந்த உருவத்துக்கு யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று குரல் கொடுத்ததுதானே. சில சமயம் படக்குழுவே நாட்டுக்கு ஏற்றபடி படத்தையும் மாற்றிவிடுகிறது. ‘இன்சைட் அவுட்’டில் குட்டிப் பெண் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுவது புரோக்கோலியை. ஜப்பானியக் குழந்தைகளுக்கு அது பிடித்த காய் என்பதால் அங்கே போன பிரதியில் அதைப் பச்சைக் குடைமிளகாயாக மாற்றி வரைந்தார்கள்.

வீட்டில் வயதானவர்களும் சேர்ந்து உட்காருவார்கள் என்றால் பேச்சே இல்லாத படத்தில் தொடங்குவது உத்தமம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் நிறுவனம் எடுத்த ‘ஷான் த ஷீப்’ படத்தில் (2015) புரியும்படி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆடுகள் கத்தும், மனிதர்கள் முனகுவார்கள், அவ்வளவுதான். என் மாமியார் ஆங்கிலப் படம் என்றால் எழுந்து போய்விடுவார். அன்று கடைசிவரை உட்கார்ந்து, பேத்தியின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். லாட்வியாவிலிருந்து வந்த ‘ஃப்ளோ’ (2024) வேறு விதம். ஊரெல்லாம் வெள்ளம், ஒரு கறுப்புப் பூனை, ஒரு படகு, அதில் ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும் மற்ற மிருகங்கள். மியாவ், குரைப்பு, தண்ணீர்ச் சத்தம் தவிர வசனம் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்யப்பட்ட இந்தப் படம்தான் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் இதைப் பார்க்கும்போது பிள்ளைகளைவிட அதிகமாகப் பதறுவார்கள்.

முதல் பத்து நிமிஷத்தைத் தவறவிடாதீர்கள்

பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இதுதான்: ‘நீ பார்க்க ஆரம்பி, வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து வருவது. பெரியவர்களுக்கான விஷயத்தை இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வைத்துவிடுகின்றன.

‘அப்’ (2009) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை, பலூன்களைக் கட்டி வீட்டோடு பறக்கும் ஒரு கிழவரைப் பற்றியது. அவர் ஏன் பறக்கிறார் என்பது தொடக்கத்தில், நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு தொகுப்பில் இருக்கிறது. வசனமே இல்லை, மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும். கார்ல், எல்லி என்ற இளம் ஜோடிக்குக் கல்யாணம். பாழடைந்த வீட்டைச் சேர்ந்து சரிசெய்கிறார்கள். குன்றின்மேல் படுத்து மேகம் பார்க்கிறார்கள். மேகங்கள் குழந்தைகளாகத் தெரிகின்றன. வீட்டில் ஓர் அறைச் சுவரில் குழந்தைக்கான படம் வரைகிறார்கள். அடுத்து ஆஸ்பத்திரி அறை. டாக்டர் ஏதோ சொல்கிறார், நமக்குக் கேட்கவில்லை. எல்லி முகத்தைக் கையால் மூடியிருக்கிறாள், கார்ல் அவள் தோளில் கைவைத்து நிற்கிறார். பிறகு அவள் வாசலில் கண்ணை மூடிக் காற்றில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம் ஒரு கண்ணாடி ஜாடி. சின்ன வயதில் போக ஆசைப்பட்ட அருவிக்குப் போவதற்காகச் சில்லறை சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கால் முறிகிறது, உடைக்கிறார்கள். மரம் கூரைமேல் விழுகிறது, மறுபடி உடைக்கிறார்கள். தினமும் காலையில் எல்லி அவருக்கு டை சரிசெய்கிறாள். டை மாறி டை மாறி, ஒரு டையில் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கிறது. கடைசியில் கார்ல் ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வீட்டுக்குள் தனியாக நுழைகிறார்.

குழந்தை இதில் பார்ப்பது: ஒரு தாத்தா, ஒரு பாட்டி, பாட்டி செத்துப்போயிட்டாங்க. அதுவும் சரிதான், கதை புரிய அது போதும். டயருக்காகச் சேமிப்பை உடைத்தவருக்கு அந்த ஜாடியில் என்ன இருந்தது என்று தெரியும். என் அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம், என் அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அந்த டை காட்சியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

யாரோ வைத்தார்கள் என்ற நினைப்போடு பாருங்கள்

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் சில விஷயங்கள் தானாக வந்து விழும்: ஓரத்தில் ஒரு காகம் பறக்கும், காற்றில் சேலைத்தலைப்பு ஆடும். அனிமேஷனில் தானாக எதுவும் வராது. சுவரில் ஒரு கீறல் தெரிந்தால், அங்கே கீறல் வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். ஆகவே மூலையில் இருப்பதையும் பார்த்துப் பழகுங்கள்.

மறுபடியும் அதே வீட்டுக்கு வாருங்கள். கார்லின் முகம் சதுரம், கண்ணாடி சதுரம், நாற்காலி சதுரம். எல்லி வளைவுகளால் ஆனவள், அவள் நாற்காலியும் உருண்டை. படம் முழுக்க அந்த உருண்டை நாற்காலி சதுர நாற்காலிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு ஒவ்வொரு காட்சியிலும் கண் அங்கேதான் போகிறது.

களிமண் பொம்மைப் படங்களில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். பொம்மையைக் கையால் துளித்துளியாக நகர்த்திப் படம் எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆர்ட்மேனின் குரோமிட் என்ற நாய்க்கு வாயே கிடையாது. அதன் சலிப்பு, கவலை, எஜமான்மேல் உள்ள பாசம் எல்லாவற்றையும் நெற்றி மேட்டையும் கண்ணையும் அரை மில்லிமீட்டர் அசைத்தே காட்டிவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் சில இடங்களில் களிமண்மேல் கைரேகைகூடத் தெரியும்.

மெதுவான இடங்களில் பொறுமையாக இருங்கள்

இரண்டு மூன்று படம் பார்த்து ருசி தட்டிய பிறகு ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பக்கம் வாருங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நீங்கலாக மற்ற நாடுகளில் காட்டும் உரிமையை 2020இல் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியதிலிருந்து இந்தப் படங்கள் நம் வீட்டுக்கும் சுலபமாக வந்துவிட்டன. ஆஸ்கரும் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதும் வாங்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’யைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டொடோரோ’ (1988).

இதில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. அப்பாவும் இரண்டு சிறுமிகளும் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மழை பெய்யும் சாயங்காலம், அப்பா குடை மறந்து போயிருக்கிறார் என்று இருவரும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். பஸ் வருகிறது, அப்பா இறங்கவில்லை. இருட்டுகிறது. சின்னவளுக்குத் தூக்கம் வர, பெரியவள் அவளை முதுகில் சுமந்துகொள்கிறாள். தாழ்த்திப் பிடித்த குடையின் விளிம்புக்குக் கீழே நகம் வைத்த ஒரு பெரிய கால் தெரிகிறது. தலையில் ஓர் இலையோடு அந்தக் காட்டு ஜீவன் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவள் அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். குடைமேல் ‘டொப்’ என்று ஒரு சொட்டு விழுகிறது. அதற்குச் சிலிர்த்துவிடுகிறது. இன்னும் சத்தம் வேண்டும் என்று ஒரு குதி குதிக்க, மரத்திலுள்ள தண்ணீர் மொத்தமும் கொட்டுகிறது.

இந்த இடத்தில் என் மகள் குதித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய பெண்ணை. வீட்டுக்கே அம்மாவாகிவிட்ட சின்னப் பெண் அவள். அம்மாவைப் பார்க்கப் போகும்போது, அம்மா கையால் தலைவாரிக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் பிள்ளையாக இருக்கிறாள். மியாசாகியின் தாயும் அவர் சிறுவனாக இருந்தபோது முதுகெலும்புக் காசநோயால் பல வருஷம் படுக்கையில் கிடந்தவர்.

பிள்ளை அழுதால், கேள்வி கேட்டால்

படத்தை நிறுத்தி விளக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டால் போதும். படம் முடிந்த பிறகு, அவர்களாகக் கேட்டால் பேசுங்கள்.

இதற்கான பாடமே ‘இன்சைட் அவுட்’டில் இருக்கிறது. பிங் பாங் என்ற கற்பனைத் தோழன் தன் வண்டியைப் பறிகொடுத்து உட்கார்ந்துவிடுவான். சந்தோஷம் அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்க்கும், வேடிக்கை காட்டும், பலிக்காது. சோகம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘உனக்குப் பிடித்ததைக் கொண்டுபோய்விட்டார்களே’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவன் பேசுவதைக் கேட்கும். அவன் அழுவான், பிறகு தானே எழுந்து நடப்பான். இதைப் பார்த்ததிலிருந்து, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தால் உடனே பஜ்ஜி போடட்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். முதலில் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பஜ்ஜி அப்புறம்.

எல்லா அனிமேஷனும் பிள்ளைகளுக்கு இல்லை

இந்த எச்சரிக்கை முக்கியம். ‘டொடோரோ’ ஜப்பானில் வெளியான அதே நாளில், 1988 ஏப்ரல் 16, அதோடு சேர்த்து ஒரே காட்சியாகத் திரையிடப்பட்ட கிப்லி படம் இசாவ் தகஹாட்டாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’. போர்க்காலக் குண்டுவீச்சில் தாயை இழந்த ஓர் அண்ணனும் தங்கையும் பசியில் கரைந்துபோகும் கதை. பெரியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாத படமும்கூட. போஸ்டரில் வட்ட முகமும் பெரிய கண்ணும் இருக்கிறது என்பதற்காக எதையும் போட்டுவிடாதீர்கள். 2024 முதல் நம் தணிக்கைச் சான்றிதழில் ‘யுஏ 7+’, ‘யுஏ 13+’, ‘யுஏ 16+’ என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், அதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முதல்நாள் ராத்திரி நீங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாம் முறை, அப்புறம் கடைசிப் பெயர்கள்

பிள்ளைகள் ஒரே படத்தை இருபது தடவை பார்ப்பார்கள். அவர்களோடு இரண்டாம் தடவையாவது உட்காருங்கள். கதை தெரிந்துவிட்டதால் இந்த முறை திரையை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். எங்கே மூச்சைப் பிடிக்கிறது, எங்கே உங்கள் பக்கம் நகர்ந்து வருகிறது என்று கவனியுங்கள். பல வருஷம் விட்டும் பாருங்கள். என் மகளுக்கு இப்போது பதினாறு. போன மாதம் ‘நீமோ’வை மறுபடி போட்டோம். திமிங்கிலத்தின் வாய்க்குள் நடக்கும் அந்தக் காட்சி வந்ததும் அவள் ஆமையையும் பேசவில்லை, மீனையும் பேசவில்லை. ‘அம்மா, அந்த சைக்கிள்’ என்றாள்.

படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலையும் விடாதீர்கள். 1995இல் ‘டாய் ஸ்டோரி’, முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம், அதன் கடைசியில் படவேலை நடந்த வருஷங்களில் குழுவினருக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் போட்டார்கள். அன்றிலிருந்து அதை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தின் படங்களில் அது வழக்கமாகிவிட்டது. ‘இன்சைட் அவுட்’டின் பெயர்ப் பட்டியலில் படத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சமர்ப்பித்து, தயவுசெய்து வளர்ந்துவிடாதீர்கள் என்று ஒரு வரி கேட்டிருப்பார்கள். ஓடிடியில் பெயர்கள் தொடங்கியதுமே சில நொடிகளில் திரை சுருங்கி அடுத்த படத்துக்குத் தாவிவிடும். அதற்குள் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும், ஆகவே கடைசிக் காட்சி வரும்போதே ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.